சூடேறும் பழைய ஹைப்ரிட் கார்: வீட்டில் எந்தச் சோதனையை நம்பலாம்?

பழைய ஹைப்ரிட் கார் சூடாகிறது என்றதும் ரேடியேட்டரைப் பார், தெர்மோஸ்டாட்டை மாற்று என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எது சூடாகிறது? சாதாரண காரில் எஞ்சின் ஒன்றுதான். ஹைப்ரிடில் எஞ்சின், இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), பெரிய பேட்டரி என்று மூன்று இடங்கள். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினுக்கு ஒரு கூலண்ட் (குளிரூட்டும் திரவம்) ஓட்டம், இன்வெர்ட்டருக்கு வேறொன்று, பம்பும் தனித்தனி. பேட்டரியைப் பல வண்டிகளில் ஒரு சின்ன ஃபேன் இழுத்துவிடும் காற்றுதான் குளிரவைக்கிறது. வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் இந்தக் கேள்விக்கு எவ்வளவு தூரம் பதில் சொல்கின்றன என்பதை வைத்தே அவற்றை எடைபோடுகிறேன். உதாரணத்துக்கு டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறையையும் (2004–2009) மூன்றாம் தலைமுறையையும் (2010–2015) எடுத்துக்கொள்ளலாம். பழைய ஹைப்ரிட் வாங்குபவர்கள் அடிக்கடி பார்க்கும் வண்டிகள் அவை.

விளக்கா, துப்பாக்கியா, ஸ்கேனரா?

டாஷ்போர்டு விளக்கை மட்டும் நம்புவது மிக மோசமான வழி. பிரியஸில் வெப்பத்தைக் காட்டும் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு எரிகிற நேரத்தில் எஞ்சின் ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். அப்போது செய்ய வேண்டியது வண்டியை ஓரங்கட்டி அணைப்பது மட்டும்தான்.

அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி பலருக்கும் பிடித்த கருவி. விசையை அழுத்தினால் எண் வந்துவிடுகிறது. ஆனால் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் பிடித்தால் உண்மையை விடக் குறைவான எண்ணைக் காட்டும். ரப்பர் ஹோஸ் மேலோ, உலோகத்தில் ஒட்டிய கருப்பு டேப் மேலோ பிடித்தால்தான் ஓரளவு நம்பலாம். மேல் ஹோஸ் கொதிக்கும்போது கீழ் ஹோஸ் சில்லென்றிருந்தால், வெப்பத்துக்கேற்பக் கூலண்ட் வழியைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை, அல்லது கூலண்ட் ஓடவில்லை. இதைக் கண்டுபிடிக்க துப்பாக்கி நன்றாக உதவும். ஓடும் வண்டியில் என்ன நடக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது.

அதை ஸ்கேனர் சொல்லும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினியோடு பேசும் இணைப்பு) ஒரு புளூடூத் அடாப்டரை மாட்டி, போனில் ஆப்பைத் திறந்தால் கூலண்ட் வெப்பம் நொடிக்கு நொடி தெரியும். தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கத் தொடங்கும். ஓடி முடித்த எஞ்சின் 85 முதல் 95 வரை நிற்பது இயல்பு. 100-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். எண்ணை விட அது ஏறும் விதம்தான் அதிகம் பேசுகிறது. நெரிசலில் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகப்படலாம். நீண்ட ஏற்றத்தில் மட்டும் ஏறினால் அடைபட்ட ரேடியேட்டர், குறைந்த கூலண்ட், தளர்ந்த பம்ப் ஆகியவற்றில் ஒன்று. எண் தாறுமாறாகக் குதித்து, அதே நேரத்தில் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் எஞ்சின் வாட்டர் பம்பே மின்சாரத்தில் ஓடுவது. பெல்ட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அங்கே பெல்ட்டே இல்லை.

ஸ்கேனர்களிலும் ஒரு பிரிவு உண்டு, வாங்குமுன் இதைக் கவனியுங்கள். மலிவான பொதுவகைக் கருவிகள் பல எஞ்சின் கணினியை மட்டும் படித்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். ஹைப்ரிட் கணினியைப் படிக்கத் தெரிந்த கருவியோ ஆப்போ வேண்டும். பிரியஸுக்கு டாக்டர் பிரியஸ், ஹைப்ரிட் அசிஸ்டன்ட் போன்ற ஆப்கள் இருக்கின்றன. பி0217 என்ற குறைக் குறியீடு வந்தால் எஞ்சின் அதிகம் சூடானது. பி0ஏ93 என்றால் இன்வெர்ட்டரின் குளிரூட்டல் சரியில்லை. இந்த இரண்டு குறியீடுகளும் உங்களை வண்டியின் இரண்டு வேறு மூலைகளுக்கு அனுப்புகின்றன. தேவையில்லாமல் ஒரு ரேடியேட்டர் மாற்றும் செலவு இங்கேயே மிச்சமாகலாம். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் இதையே வாங்குங்கள்.

காசில்லாமல் முடியும் இரண்டு சோதனைகள்

இன்வெர்ட்டர் பக்கம் சந்தேகம் வந்தால் கண்ணே போதும். வண்டி ஆறியிருக்கும்போது இன்வெர்ட்டர் கூலண்ட் தொட்டியின் மூடியைத் திறந்து, வண்டியை ரெடி நிலைக்கு (ஓடத் தயார் என்று ரெடி விளக்கு எரியும் நிலை) கொண்டுவந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பம்ப் ஓடினால் திரவம் சுழன்று அலையடிக்கும். குளத்து நீர் போல அசையாமல் நின்றால் பம்ப் செத்துவிட்டது, அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை. இரண்டாம் தலைமுறையில் இந்தப் பம்ப் அடிக்கடி கோளாறு கொடுத்து, நிறுவனமே திரும்ப அழைத்து மாற்றிக்கொடுத்தது. வாங்கிய வண்டியில் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணை வைத்து விசாரிப்பதும் நல்லது.

பேட்டரி சூடானால் பின்சீட் ஓரத்தில் இருக்கும் காற்று நுழைவாயிலைப் பாருங்கள். நாய், பூனை ஏறிய வண்டியென்றால் ஃபேனில் முடியும் தூசும் மெத்தையாகப் படிந்திருக்கும். சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஃபேன் சுத்தமாக இருந்தும், பேட்டரியின் வெப்ப சென்சார்களில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட வெகுவாகச் சூடாகத் தெரிந்தால் அது வேறு கதை, கோளாறு பேட்டரிக்குள்ளேயே இருக்கலாம்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம்

செலவு அதிகம் வைக்கும் கேள்வி இது. ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு. அது போனால் கூலண்ட் சிலிண்டருக்குள் புகும். கூலண்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இரவு நிறுத்தி, காலையில் எஞ்சின் முதல்முறை ஓடும்போது வண்டியே நடுங்குகிறது, சில நொடிகளில் சரியாகிவிடுகிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸின் 1.8 லிட்டர் எஞ்சினில் இது பழகிப்போன காட்சி. இ.ஜி.ஆர். கூலரில் (எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிரவைக்கும் பாகம்) கரி அடைத்து, சில சிலிண்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகி, கடைசியில் கேஸ்கெட் விட்டுக்கொடுக்கிறது என்பது இந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளில் பலர் சொல்வது.

சாதாரண காரில் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் (எஞ்சினைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) செய்வார்கள். இங்கே வீட்டில் அது எளிதல்ல. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. மோட்டார் ஜெனரேட்டர்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, அதை வேண்டியபடி சுற்றவைக்கத் தனி மென்பொருள் வேண்டும். ஆகவே மற்ற மூன்று வழிகள்.

ரசாயனச் சோதனையில் ஒரு குழாயில் நீலத் திரவத்தை ஊற்றி, கூலண்ட் வாயிலில் வைத்து, மேலே வரும் ஆவியை அதன் வழியே இழுக்கிறோம். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் சந்தேகத்துக்கு இடமில்லை. நீலமாகவே இருந்தால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். ஆரம்ப நிலைக் கசிவு மிகச் சிறியது, பல நேரம் இதில் சிக்காது. இன்னொரு சிக்கல், சோதனை முடியும்வரை எஞ்சின் ஓட வேண்டும், ஆனால் ஹைப்ரிட் தானாக அணைத்துவிடும். பிரியஸில் இதற்குப் பராமரிப்பு நிலை உண்டு. பிரேக்கைத் தொடாமல் மின்சாரத்தை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் பார்க்கில் ஆக்சிலரேட்டரை முழுவதும் இருமுறை, நியூட்ரலில் இருமுறை, மறுபடி பார்க்கில் இருமுறை மிதித்து, பிறகு வழக்கம்போல் பிரேக்கை அழுத்தி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் அணையாமல் ஓடும்.

நான் அதிகம் நம்புவது அழுத்தச் சோதனையும் கேமராவும் சேர்ந்த வழியை. ஆறிய எஞ்சினில் கைப்பம்பு மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி (பெரும்பாலும் 1 பார் வாக்கில்) இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்து, வெளியே ஈரமே இல்லையென்றால் கூலண்ட் உள்ளேதான் போயிருக்கிறது. உடனே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, போனில் மாட்டும் மெல்லிய கேமராவை ஒவ்வொரு துளையிலும் இறக்குங்கள். நல்ல சிலிண்டரில் பிஸ்டன் தலை கரி படிந்து மங்கலாக இருக்கும். கூலண்ட் புகுந்த சிலிண்டரில் அது கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்றிருக்கும், ஓரத்தில் ஒரு துளி நிறத்தோடு தேங்கியும் நிற்கலாம். மூன்று கருப்பு, ஒன்று வெள்ளி என்று பார்த்துவிட்டால் மேற்கொண்டு வாதமே இல்லை. ரசாயனத்தை விட இதற்கு நேரமும் உழைப்பும் கூடத்தான். ஆனால் பழைய வண்டி வாங்கியவருக்கு இந்த ஒரு பதிலில்தான் வண்டியை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்பதே அடங்கியிருக்கிறது.

எந்த வழியானாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். சூடான மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும். ரெடி விளக்கு எரியும்போது எஞ்சின் சத்தமின்றி நின்றாலும் எந்த நொடியும் ஓடத் தொடங்கலாம். ஆகவே கையை உள்ளே விடும் வேலைக்கு முன் வண்டியை அணைத்து, ஸ்மார்ட் சாவியைத் தூரத்தில் வையுங்கள். ஆரஞ்சு நிற ஒயர்கள் இந்த வண்டிகளில் 200 வோல்ட்டுக்கும் மேல் சுமப்பவை. இன்வெர்ட்டர் மூடியையும் பேட்டரிப் பெட்டியையும் பயிற்சி பெற்றவருக்கே விட்டுவிடுங்கள்.

இரவு முழுக்க அழுத்தம் நின்று, நான்கு பிஸ்டனும் ஒரே கருப்பாகத் தெரிந்தால் கேஸ்கெட் மேல் இருந்த சந்தேகம் பெருமளவு நீங்கியது. அப்புறம் உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட கூலண்ட்டையே நிரப்பி, காற்றை முழுவதும் வெளியேற்றி, ஸ்கேனரை மாட்டியபடியே ஒரு நீண்ட ஏற்றத்தில் ஓட்டுங்கள். எண்ணைப் பார்க்க உடன் ஒருவர் இருக்கட்டும்.