ஜாய்ஸ்டிக் சர்வீஸ் என்று சொல்லி ஸ்ப்ரே அடித்துத் தரும் கடை: ஓர் எச்சரிக்கை

சண்டை வீடியோ விளையாட்டுகளுக்காக ஆர்கேட் ஸ்டிக் (ஜாய்ஸ்டிக் லீவரும் பொத்தான்களும் கொண்ட பெட்டி) வைத்திருப்பவர்கள், அதன் லீவருக்கு கிரீஸ் இடக் கடையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூரில் ஒரு கடை என்னிடம் 85 வெள்ளி வாங்கிக்கொண்டு, செய்யாத வேலைக்கும் மாற்றாத பாகத்துக்கும் ரசீது கொடுத்திருக்கிறது.

என்னுடையது ஜப்பானின் சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் லீவர். சாய்க்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்தது. நடுநிலைக்குத் திரும்புவதிலும் ஒரு தயக்கம் இருந்தது. முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து, ஜப்பானிய சிலிகான் கிரீஸ் இட்டு, தள்ளும் திசையைப் பதிவுசெய்யும் மைக்ரோசுவிட்சுகள் பொருத்திய சுவிட்ச் பலகையையும் புதிதாக மாற்றியதாக ரசீதில் எழுதியிருந்தார்கள். கடையிலிருந்து திரும்ப வாங்கிய அன்று லீவர் வழுவழுவென்று ஓடியது. சில வாரங்களில் பழைய சத்தம் திரும்பியதோடு, இடப்பக்கம் தள்ளினால் சில நேரம் பதிவாகாமலும் போயிற்று.

பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. இந்த லீவரின் தண்டு, பிவட் என்னும் உருண்டையான பிளாஸ்டிக் பாகத்தின் வழியாகச் செல்கிறது. அந்த உருண்டை, உடற்பகுதியிலுள்ள குழியில் உராய்ந்து சுழல்வதால், கிரீஸ் சேர வேண்டிய முக்கியமான இடம் அதுவே. அங்கே முறையாகப் போய்ச்சேர, தண்டின் அடியில் ஸ்பிரிங்கையும், சுவிட்சுகளை அழுத்தும் ஆக்சுவேட்டரையும் பிடித்து நிறுத்தும், ஆங்கில ‘E’ வடிவச் சின்னஞ்சிறு ஈ-ரிங்கை நெம்பி எடுத்தாக வேண்டும். என் லீவரில் அந்த ரிங்கைச் சுற்றிப் பள்ளத்தில் இறுகியிருந்த கறுத்த தூசி, நகத்தால் சுரண்டினால்தான் பெயரும் அளவுக்கு அப்படியே இருந்தது. பிரிக்கவே இல்லை, மேலிருந்து ஏதோ ஸ்ப்ரேயைப் பீய்ச்சியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் போன்ற வாடையோடு அது வழிந்து இறங்கி, மைக்ரோசுவிட்சுகளை நனைத்து, தூசியோடு குழைந்து பழுப்பு நிறப் பசையாகியிருந்தது.

1953-இல் சான் டியேகோவில் உருவான டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேக்கள் ஈரத்தை விலக்கவும் துருவைத் தடுக்கவும் வந்தவை. அந்த வேலைக்கு அவை நல்லவைதான். ஆனால் கரைப்பான் ஆவியானபின் மிஞ்சும் மெல்லிய எண்ணெய், ஓயாமல் உராயும் பிவட்டில் கிரீஸ்போல் தங்குவதில்லை. சுவிட்சுக்குள் எந்த மசகுப்பொருளும் போகக் கூடாது. சிலிகான்கூட மின்பொறி பட்டால் தொடுமுனையில் மின்கடத்தாப் படலமாகப் படியக்கூடும்.

சுவிட்ச் பலகைக் கதை இதைவிட மோசம். கம்பி இணைப்பு மாறிவிடாமலிருக்க, வாங்கிய புதிதில் பலகையின் இடப்பக்கத்தில் பச்சை மார்க்கரால் ‘இடது’ என்பதற்கு ‘இ’ என்று எழுதியிருந்தேன். ‘புதிய’ பலகையிலும் அதே பச்சை ‘இ’ இருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். “பேக்டரியிலிருந்தே அப்படித்தான் குறித்து வரும் தம்பி” என்றார். ஜப்பானில் தமிழ் இவ்வளவு பரவியிருப்பது எனக்குத் தெரியாது! நெடுநேரம் வாதாடியபின் பலகைக்கான தொகையை மட்டும் திருப்பித் தந்தார். சர்வீஸ் கூலியைத் தர மறுத்துவிட்டார்.

பிறகு ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பலகை வாங்கிப் போட்டு, நானே கிரீஸ் இட்டேன். மோலிகோட் 44, ஷின்-எட்சு சிலிகான் கிரீஸ், பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்த சூப்பர் லூப் ஆகியவற்றை இந்த லீவருக்குப் பலரும் பயன்படுத்துகிறார்கள். பிவட் உருண்டையைச் சுற்றி மெல்லியதாகப் பூச மிளகளவு போதும். பெட்ரோலிய கிரீஸ் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும் என்பதால், கடைக்காரர் பெயர் சொல்லாத டப்பாவிலிருந்து எதையாவது எடுத்தால் தடுத்துவிடுங்கள்.

கடையில்தான் கொடுக்க வேண்டியிருந்தால், ஈ-ரிங்கைக் கழற்றும்போது உடனிருங்கள், கிரீஸின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். கொடுக்கும் முன் பலகையில் ஓர் அடையாளமும் இட்டு வையுங்கள். ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அங்கும் தீராவிட்டால், சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 5,000 வெள்ளிக்கு மிகாத பயனீட்டாளர் கோரிக்கைக்கு அங்கே கட்டணம் 10 வெள்ளிதான். மீதிக் கூலிக்காக நான் அங்கேதான் போகிறேன்.