மையம் தெரியாத வட்டம்: விட்டத்தை எதை வைத்து அளப்பது?

பள்ளிக்கூடக் கணக்கில் வட்டம் எப்போதும் மையத்தோடுதான் வரும். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து ஆரம், ஆரத்தை இரண்டால் பெருக்கினால் விட்டம். வீட்டில் கிடக்கும் வட்டங்களுக்கு அந்தப் புள்ளி கிடையாது. தட்டு, டப்பா மூடி, வளையல் எல்லாவற்றிலும் கையில் சிக்குவது ஓரம் மட்டும்தான். அப்போது விட்டத்தை எப்படி எடுப்பது?

முதல் சோதனைக்கு ஒரு பழைய சிடியை எடுத்துக்கொண்டேன். அதன் விட்டம் 120 மி.மீ. என்று முன்பே தெரியும். எந்த வழி பொய் சொல்கிறது என்று பிடித்துவிடலாம்.

ஸ்கேலை வைத்து அளப்பதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அது பிடித்த வழி. ஸ்கேலின் ஒரு முனையை ஓரத்தில் ஊன்றி, மறுமுனையை மெல்ல நகர்த்த வேண்டும். அளவு கூடிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நின்று, மறுபடி குறையும். அந்த உச்சம்தான் விட்டம். ஓரத்தின் இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடுதான் நாண். வட்டத்துக்குள் வரையக்கூடிய நாண்களிலேயே நீளமானது விட்டம்தானே. இதில் ஒரு நல்ல குணம் உண்டு: மையத்தை விட்டு 5 மி.மீ. தள்ளிப் போனாலும் சிடியில் 119.6 மி.மீ. வந்துவிடும். 10 மி.மீ. தள்ளினால்தான் 118.3க்கு இறங்கும். தப்பு வந்தாலும் குறைவாகத்தான் வரும், அதிகமாக வராது. பிள்ளைகள் கோட்டை விடுவது வேறு இடத்தில். பூஜ்யத்தை விட்டுவிட்டு ஸ்கேலின் விளிம்பை ஓரத்தில் வைத்துவிடுவார்கள். 1 செ.மீ. கோட்டிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் ஒன்றைக் கழித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நூல் சுற்றி, வந்த நீளத்தை 22/7ஆல் வகுப்பது இரண்டாவது வழி. சிடியின் மெல்லிய ஓரத்தில் நூல் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. அதனால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் காகிதத்தில் உருட்டினேன். 377 மி.மீ. வரவேண்டியது, 374 வந்தது. எங்கோ சறுக்கியிருக்கிறது. ஆனால் வகுத்துப் பார்த்தால் 119. சுற்றளவில் விழுந்த 3 மி.மீ. பிசகு விட்டத்துக்கு வரும்போது 1 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. மரத்தடி மாதிரி ஸ்கேலை ஊடே விட முடியாத இடங்களில் சுற்றளவை விட்டால் எளிய வழி இல்லை. வனத்துறை வேலைக்கென்று வகுத்தலையும் முன்பே செய்து கோடு போட்ட நாடாகூட உண்டு. மரத்தைச் சுற்றிப் பிடித்தால் நேராக விட்டத்தைப் படிக்கலாம்.

மூன்றாவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் கண் விரியும். ஒரு தாளின் மூலை போதும். மூலையின் நுனியை வட்டத்தின் ஓரத்தில் வைத்து, தாளின் இரண்டு விளிம்புகளும் வட்டத்தை வெட்டும் இடங்களில் புள்ளி வையுங்கள். இரண்டையும் சேர்த்தால் விட்டம். கணக்கே வேண்டாம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தைத் திருப்பிப் போட்டதுதான் இது. வேறோர் இடத்தில் மூலையை வைத்து இன்னொரு விட்டமும் போட்டால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். ஓட்டை போட நடு தேவைப்பட்டால் நான் இதைத்தான் செய்வேன். தாளின் மூலை மடங்கியிருந்தால் மட்டும் காரியம் கெட்டது.

பொருளைத் தாடைகளுக்கு நடுவே கவ்வி அளக்கும் வெர்னியர் அளவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பள்ளி ஆய்வகத்தில் இருப்பது 0.1 மி.மீ. வரை காட்டும். உள்விட்டத்துக்குத் தனித் தாடையும் உண்டு. கையில் இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

ஆனால் வட்டம் முழுசாக இருந்தால்தானே இதெல்லாம்? அம்மாவின் கண்ணாடி வளையல் உடைந்து ஒரு துண்டுதான் மிஞ்சியது. அதே அளவில் வாங்க வேண்டும். கடையில் சொல்லும் 2.4, 2.6 எல்லாம் தசமம் இல்லை. 2 அங்குலமும் பதினாறில் 4 பங்கும், 6 பங்கும். உள்விட்டம் முறையே 57.2 மி.மீ., 60.3 மி.மீ. அதனால்தான் 2.8க்கு அடுத்து 2.10 வருகிறது, அது பெரியதாகவும் இருக்கிறது.

துண்டின் உள்பக்கத்தில் நாண் 40 மி.மீ., நாணின் நடுவிலிருந்து வளைவின் உயரம் 8 மி.மீ. நாணின் வர்க்கத்தை உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்து, உயரத்தைக் கூட்ட வேண்டும். 1600ஐ 32ஆல் வகுத்தால் 50, அதோடு 8, ஆக 58. சரி, 2.4தான் என்று கிளம்பும் முன் இன்னொரு தடவை அளந்தேன். உயரம் ஏழரை மாதிரி தெரிந்தது. இப்போது விடை 60.8. அதாவது 2.6! அரை மி.மீ. பிசகில் வளையல் ஒரு அளவு மாறிவிட்டது. துண்டு சிறியதாக இருந்தால் இந்தச் சூத்திரத்தை நம்பி இறங்கக் கூடாது.

தொல்லியல் ஆட்கள் பானையின் உடைந்த வாய்ப்பகுதியை, பல அளவில் வட்டங்கள் வரைந்த தாளின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார்கள். வளையல் கடைக்கார அக்காவும் அதையேதான் செய்தார். என் கணக்குத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், துண்டை ஒரு 2.6 வளையல்மேல் வைத்தார். ஓரம் விலகி நின்றது. 2.4ஐ எடுத்தார். ஒட்டி உட்கார்ந்தது.

“ஒரு டஜன் போடட்டுமா?” என்றார்.