மழைல ராஜமலை போலாமா? கேமரா தூக்கிட்டு போறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

இரவிகுளம் நேஷனல் பார்க், அதாவது மூணாறு ராஜமலை பத்தி நெட்ல தேடினா "மழைல போகாதீங்க, பனில ஒண்ணுமே தெரியாது, காசு வேஸ்ட்"னு தான் முக்கால்வாசி பேர் எழுதி வச்சிருக்காங்க. குடும்பத்தோட வியூ பாக்க போறவங்களுக்கு அது சரியா இருக்கலாம். ஆனா வரையாட்ட போட்டோ எடுக்கணும்னு போறீங்கன்னா நான் சொல்றது நேர் எதிர், ஜூலை மழை தான் பெஸ்ட், நல்ல வெயில் அடிக்கிற டிசம்பர் ஞாயித்துக்கிழமைய விட நூறு மடங்கு மேல். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல இது என்ன மாதிரி சர்வீஸ்னு தெரிஞ்சுக்கோங்க. ஜீப் சஃபாரி எல்லாம் கிடையாது. மூணாறு–மறையூர் ரோட்ல அஞ்சாம் மைல்ல கேட் இருக்கு, அங்க டிக்கெட் காமிச்சா வனத்துறை பஸ்ல ஏத்தி டீ தோட்டத்துக்குள்ள வளைச்சு வளைச்சு மேல கொண்டு போயி விடுவாங்க, அதுக்கப்புறம் தார் ரோட்ல நடை தான், போயிட்டு திரும்பி வரணும். பார்க் மொத்தம் 97 சதுர கிலோமீட்டர், அதுல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு தொறந்து விட்டுருக்கிறது இந்த ஓரத்துல ஒரு துண்டு மட்டும் தான். ஆனைமுடி (2695 மீட்டர், தெக்கத்தி மலைகள்லயே உசரம் இது தான்) கண்ணு முன்னாடி நிக்கும், ஆனா ஏற விடமாட்டாங்க. மழை நாள்ல அதுவும் நிக்காது, பனிக்குள்ள போயிரும்.

கேமராவுக்கு தனி டிக்கெட் உண்டு, ரேட் அப்பப்ப மாத்துறாங்க அதனால நான் நம்பர் போடல, ஆன்லைன்ல புக் பண்ணிட்டு போங்க, லீவு நாள்ல கேட்ல கியூ ரோட்டு வரைக்கும் வந்துரும். கேட்ல பிளாஸ்டிக் செக் பண்றாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். டிரோன் கொண்டு போகாதீங்க, அனுமதி கிடையாது.

நாங்க உடுமலைப்பேட்டை வழியா போனோம், கோயம்புத்தூர் திருப்பூர் பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு இது தான் வசதி. இந்த ரோட்ல ஒரு வேடிக்கை என்னன்னா சின்னார்ல வெயில் காயும், முள்ளுக்காடு, ஜூலைல கூட சட்டை நனையுறது வேர்வைல தான், மறையூர் தாண்டி லக்கம் அருவி வந்ததும் வைப்பர் போட்டா அதுக்கப்புறம் ஆஃப் பண்ணவே முடியாது. தென்மேற்கு பருவக்காத்து கொண்டு வர்ற மழைய எல்லாம் ஆனைமுடி பக்கமே வாங்கிக்குது, மறையூரும் சின்னாரும் மழை மறைவுல மாட்டிக்குது. ஒரே காலைல ரெண்டு சீசன். மறையூர்ல வெல்லம் வாங்காம வராதீங்க, அது போட்டோகிராபிக்கு சம்பந்தம் இல்ல, இருந்தாலும் சொல்றேன்.

சரி ஏன் மழைன்னு கேட்டீங்கல்ல. மொத காரணம் ஆடு தான். வரையாட்டுக்கு ஜோடி சேர்ற சீசன் இந்த பருவமழை மாசங்கள் தான், குட்டிங்க பெரும்பாலும் ஜனவரி பிப்ரவரில பொறக்கும், அதனால தான் வருஷா வருஷம் அந்த நேரத்துல ராஜமலைய கொஞ்ச நாள் மூடிடுறாங்க. மத்த மாசங்கள்ல ரோட்டோரம் நீங்க பாக்குறது பெரும்பாலும் பெட்டையும் குட்டியும் தான், பெரிய கடாக்கள் தனியா எங்கயோ கிடக்கும். மழை சீசன்ல அதுங்க மந்தையோட வந்து சேருது. அந்த வயசான கடா இருக்கே, உடம்பு முழுக்க கருப்பு கலந்த பிரவுன், முதுகுல மட்டும் வெள்ளி பூசின மாதிரி ஒரு பட்டை, நூறு கிலோ வரைக்கும் கூட இருக்கும், மழைல நனைஞ்சு அந்த கருப்பு இன்னும் கருப்பாகி பின்னாடி முழுசும் வெள்ளை பனி. ஸ்டுடியோல வெள்ளைத் துணி கட்டி எடுத்தா கூட அப்படி வராது. வெயில் நாள்ல அதே கடாவ எடுத்தா பின்னாடி பச்சை சரிவு, டீ தோட்டம், மஞ்சள் கலர் டி-ஷர்ட் போட்ட ஒரு அண்ணன், எல்லாம் சேந்து வரும்.

ரெண்டாவது காரணம் தூரம். இங்க இருக்கிற ஆடுங்க தலைமுறை தலைமுறையா ஆளுங்கள பாத்து பழகினது, நாம ரோட்ல நின்னா அது பாட்டுக்கு மேஞ்சுகிட்டே பக்கத்துல வரும். ஆழியார்–வால்பாறை ரோட்ல ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவுல நம்மூர் வரையாட்ட பாத்தவங்களுக்கு தெரியும், அங்கயும் பக்கத்துல கிடைக்கும், ஆனா பின்னாடி லாரி ஹாரன் அடிச்சுகிட்டே இருப்பான், நிக்க இடம் கிடையாது. நீலகிரில இருக்கிற முக்குருத்தி நேஷனல் பார்க் பக்கம் நெனச்ச நேரம் போக முடியாது. தமிழ்நாட்டோட மாநில விலங்க நிம்மதியா நின்னு எடுக்க கேரளாவுக்கு போக வேண்டியிருக்கேன்னு கொஞ்சம் கடுப்பா தான் இருக்கு, என்ன பண்றது. உலகத்துலயே இந்த ஆடு மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டும் தான், 2025 கணக்கெடுப்புல தமிழ்நாடு கேரளா ரெண்டும் சேர்த்து மூவாயிரத்துக்குள்ள தான் வந்துச்சு, அதுல இரவிகுளத்துல தான் பெரிய கூட்டம்.

இப்ப லென்ஸ் விஷயம். வைல்டுலைஃப்னு சொன்னதும் எல்லாரும் 600 மிமீ தூக்கிட்டு வராங்க. பனில அது வேலைக்கே ஆகாது. உங்களுக்கும் ஆட்டுக்கும் நடுவுல காத்து எவ்வளவு இருக்கோ அவ்வளவு பனி இருக்கு, தூரத்துல இருக்கிறத ஜூம் பண்ணி இழுத்தா சாம்பல் கலர்ல ஒரு பொம்மை தான் கிடைக்கும், எடிட்டிங்ல கான்ட்ராஸ்ட் ஏத்தினா நாய்ஸ் தான் ஏறும். 70-200 போதும், நிஜமா போதும், சில சமயம் 70ம் ஜாஸ்தி. 100-400 வச்சிருந்தா எடுத்துட்டு போங்க, ஆனா ஒண்ணு, ஜூம் பண்ணும்போது வெளிய நீளுற டைப் லென்ஸ்னா ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஈரக்காத்த உள்ள இழுக்கும், உள் கண்ணாடில ஆவி படிஞ்சா அன்னிக்கு கதை முடிஞ்சுது. நீளாத 70-200 அந்த விதத்துலயும் சேஃப். மேல வச்சு லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க.

வெதர் சீல்டு பாடின்னு பெட்டில போட்டிருக்கிறத நம்பி நனைய விடுறவங்கள பாத்தேன், சீலிங்னா சாரலுக்கு தான், அங்க மழை மேல இருந்து மட்டும் வராது, பள்ளத்தாக்குல இருந்து காத்து தூக்கி கீழ இருந்தும் அடிக்கும். குடை சுத்தமா யூஸ் இல்ல, ரெண்டு கைய ஒரு கை ஆக்கினது தான் மிச்சம், அதுவும் ஒரு வளைவுல காத்து திரும்பிச்சுன்னா குடை தலகீழா மடங்கிரும். ரெயின்கோட் போட்டுக்கோங்க, சரசரன்னு சத்தம் போடாத துணி மாதிரி இருக்கிறதா பாத்து. கேமராவுக்கு ஆன்லைன்ல விக்கிற ரெயின் கவர்ல ரெண்டு டைப் இருக்கு. ட்ரான்ஸ்பரண்ட் கவர் மாதிரி மலிவா கிடைக்கிறது ஒண்ணு, கொஞ்ச நேரத்துல உள்பக்கம் வேர்த்துரும், டயல் தெரியாது, அதுக்கு ஓட்டல் பாத்ரூம்ல கிடைக்கிற ஷவர் கேப்பும் ரப்பர் பேண்டும் போதும், ஓசி. துணில தச்சு ரெண்டு கையும் உள்ள விடுற மாதிரி வர்றது இன்னொண்ணு, விலை ஜாஸ்தி ஆனா மழைல அடிக்கடி போறவங்களா இருந்தா வாங்கிடுங்க. லென்ஸ் ஹூட் கண்டிப்பா மாட்டணும், கண்ணாடில துளி விழாம பாதிக்கு மேல காப்பாத்துறது அது தான். துடைக்கிறதுக்கு துணி நாலஞ்சு, தனித்தனி ஜிப் கவர்ல, ஒண்ணு ஈரமாச்சுன்னா அத திரும்ப லென்ஸ் பக்கம் கொண்டு போகாதீங்க.

செட்டிங்ஸ் கேக்குறவங்களுக்கு: பனிய பாத்து கேமராவோட லைட் மீட்டர் ஏமாந்து வெள்ளைய சாம்பலாக்கிடும், எக்ஸ்போஷர் +0.7ல இருந்து +1 வரைக்கும் ஏத்தி வைங்க, ஆனா கருப்பு கடா ஃப்ரேம நெறைச்சு நின்னா திரும்ப இறக்கிடுங்க. ஃபோகஸ் முன்னாடி பின்னாடி ஓடிட்டே இருக்கும், ஒரே பாயிண்ட் வச்சு கொம்பு நெத்தில சேர்ற இடத்துல புடிங்க, அங்க தான் ஃபோகஸ் புடிக்க கொஞ்சம் தெளிவான கோடு கிடைக்கும். ஐஎஸ்ஓ 1600, 3200னு போக பயப்படாதீங்க. மழை தெரியணும்னா பின்னாடி இருட்டா பாறையோ சோலைக்காடோ இருக்கணும், வெள்ளை பனி முன்னாடி மழை தெரியவே தெரியாது. ஷட்டர் ஸ்பீடு 1/60 கிட்ட வச்சா மழை கோடு கோடா விழும், 1/500க்கு மேல போனா துளி துளியா நிக்கும், எனக்கு கோடு தான் பிடிச்சிருக்கு, ஆடு தான் அசையாம நிக்கணும், அது மழை பலமா அடிக்கும்போது தானா நிக்கும்.

அங்க வாட்ச்சரா இருந்த ஒரு அண்ணன் சொன்னது தான் அன்னிக்கு பெரிய உதவி. நாங்க ரோட்டுக்கு மேலயும் கீழயும் நடந்துகிட்டே இருந்தத பாத்துட்டு, "தம்பி, எதுக்கு அலையுறீங்க, அந்த வளைவுல பாறை ஒட்டி நில்லுங்க, மழை வலுத்தா அதுங்க அங்க தான் ஒதுங்கும்"னாரு. நின்னோம். பனி இட்லி குண்டான் மூடிய தொறந்த மாதிரி குப்புனு வந்து எல்லாத்தையும் மூடுச்சு, கொஞ்ச நேரத்துல விலகினா பாறை இடுக்குல ஒரு பெட்டை ரெண்டு குட்டி, அதுக்கு பின்னாடியே அந்த கடா, மேலுதட்ட சுருட்டிட்டு மூஞ்சிய தூக்கி மோப்பம் புடிக்குது. பெட்டை ரெடியா இருக்கான்னு தெரிஞ்சுக்க கடாக்கள் பண்றது அது. நம்ம லிஸ்ட்ல ரொம்ப நாளா இருந்த ஷாட். டூரிஸ்டுங்க எல்லாம் மழைக்கு பயந்து திரும்பி பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க, வளைவுல நாங்க மட்டும் தான். மூணாறு தமிழாளுங்க நெறைய இருக்கிற ஊருங்கறதால பேசறதுக்கு எங்கயும் கஷ்டம் இல்ல, கேட்டா நல்லாவே சொல்றாங்க, கேக்காம செல்ஃபி எடுக்க ஆட்டு முன்னாடி உக்கார்றவங்க தான் திட்டு வாங்குறாங்க, வாங்கட்டும்.

பறவைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. ரோட்டோர புதர்ல பழனி சிரிப்பான் சத்தம் கேட்டுகிட்டே இருக்கும், மழை லேசா விட்ட உடனே வெளிய வந்து இறக்கைய உதறும், அந்த ரெண்டு நிமிஷம் ரெடியா இருங்க. புல்லுல நெட்டைக்காலிங்கற சின்ன பறவை, நீலகிரில பாக்குற அதே வகை, இங்க சுலபமா கிடைக்குது. குறிஞ்சிப்பூ கேட்டு வராதீங்க, 2018ல பூத்தது, அடுத்தது 2030.

குறைன்னு பாத்தா, மழைல ஒதுங்க மேல இடம் கம்மி, பஸ் ஜன்னல் எல்லாம் ஆவி புடிச்சிருக்கும் அதனால பஸ்ல இருந்து எடுக்கலாம்னு நெனைக்காதீங்க, டிரைபாட் விரிச்சா நடக்குறவங்களுக்கு இடைஞ்சல், மோனோபாட் பரவால்ல. விடியக்காலை லைட்டும் கிடைக்காது, அந்த நேரத்துக்கு எல்லாம் உள்ள விடறதில்ல. மூடின பஸ்ஸுக்குள்ள ஏறும்போது கேமராவ பைக்குள்ள வச்சு ஜிப் போட்டுடுங்க, வெளிய குளிர்ல இருந்த கண்ணாடி மேல நாப்பது பேரோட மூச்சு பட்டா உடனே ஆவி படியும். ரூமுக்கு போனதும் தொறக்காம பையோட அப்படியே கொஞ்ச நேரம் விட்டுட்டு, அப்புறம் எடுத்து துடைச்சு சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைங்க. அரிசில புதைக்கிற வேலை வேண்டாம், தூசி தான் உள்ள போகும்.

மழைல போங்கன்னு இவ்வளவு சொல்றேன்ல, ரெட் அலர்ட் குடுத்தா போகவே கூடாது, இதுல சமாதானமே கிடையாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல மூணாறுல இருந்து ராஜமலை போற வழில பெரியவாரை பாலமே போயிடுச்சு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி இதே ராஜமலைக்கு அந்தப்பக்கம் பெட்டிமுடில மலை சரிஞ்சு எஸ்டேட் லயன் வீடுங்க (தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடுங்க) அப்படியே மண்ணுக்குள்ள போச்சு, 70 பேர், முக்கால்வாசி நம்ம தமிழ் தோட்டத் தொழிலாளிங்க குடும்பம். டீ தோட்டத்துக்குள்ள பஸ் போகும்போது அந்த லயன் வீடுங்கள பாத்தீங்கன்னா இது ஞாபகம் வரும், எனக்கு வந்துச்சு. நாம போட்டோ எடுத்துட்டு கீழ இறங்கிடுவோம், அந்த மழைக்குள்ள தான் அவங்க கொழுந்து பறிச்சுகிட்டு இருக்காங்க.

ஸ்டார் போடணும்னா அஞ்சுக்கு நாலரை, மழை நாள் போட்டோவுக்கு மட்டும். சின்ன குழந்தைங்க, முட்டி வலி இருக்கிற பெரியவங்களோட போறீங்கன்னா இதே மழைக்கு நான் ரெண்டு தான் போடுவேன், அவங்கள அக்டோபருக்கு மேல கூட்டிட்டு போங்க. வாரநாள்ல, மொத பஸ்ல ஏறுங்க, மஞ்சள் அலர்ட் வரைக்கும் ஓகே, கிளம்புறதுக்கு முன்னாடி ரோடு தொறந்திருக்கான்னு மூணாறுல யாருக்காவது போன் போட்டு கேட்டுக்கோங்க.