டெக்சாஸ் குடும்ப மீன்பிடிப் பயிற்சிகள்: எது நிலைக்கிறது?

டெக்சாஸில் குடும்பத்தோடு மீன்பிடிக்கக் கற்றுத்தரும் பயிற்சிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்ததில் எங்கள் கருத்து இதுதான்: பெரியவர்கள் கையில் தூண்டிலைக் கொடுக்காத பயிற்சி நிலைக்காது. 17 வயதுக்குக் கீழே லைசன்ஸ் தேவையில்லை என்பதால் பல இடங்களில் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து, அப்பா அம்மாவைப் படமெடுக்க விட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரம் கொக்கி அறுந்தால் கட்டித்தர வீட்டில் ஆள் இல்லை.

கொக்கியைக் கட்டும் அந்த முடிச்சையே அளவுகோலாக வையுங்கள். நரம்பை (தூண்டில் நைலான் இழையை) கொக்கியின் கண்ணில் நுழைத்து, நுனியால் மெயின் நரம்பைச் சுற்றி 5 சுற்று, நுனியைக் கண்ணுக்கு அருகிலுள்ள வளையத்தில் விட்டு, பிறகு அதனால் உண்டாகும் பெரிய வளையத்தில் விட்டு, எச்சிலால் நனைத்து மெல்ல இழுக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழந்து, மீன் மாட்டும் நேரத்தில் அங்கேயே அறும். பெற்றோர் இதைத் தானாகக் கட்டிக் காட்டினால் பயிற்சி தேறியது.

இன்னொரு குறை, அன்றைக்குத்தான் மீன் விட்ட குளத்தில் பயிற்சி நடத்துவது. தக்கைக்குக் கீழே ஓரடியில் புழுவைத் தொங்கவிட்டாலும் கடிக்கும். சாதாரண சனிக்கிழமையில் கெளுத்தி அடியில்தான் மேயும். தக்கையைக் கழற்றிவிட்டு, சிறு ஈயக்குண்டோடு கோழி ஈரலைக் குளத்தின் அடித்தரையில் கிடத்த வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் இரண்டாம் முறை வெறுங்கையோடு திரும்பும் குடும்பம் மூன்றாம் முறை வராது. கெளுத்தியைக் கையில் பிடிக்கும் விதமும் அவசியம்: முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள முள் குத்தினால் பிள்ளை அழுது, அத்தோடு ஆசை போய்விடும்.

தொடர்வதற்கு மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையின் 'நெய்பர்ஹூட் ஃபிஷின்' திட்டக் குளங்கள்தான் சரியான இடம். ஊருக்குள்ளேயே இருக்கின்றன, வெயில் காலத்தில் கெளுத்தியும் குளிர்காலத்தில் ரெயின்போ டிரவுட் மீனும் விடுகிறார்கள். ராடு, ரீல், கொக்கி, தக்கை எல்லாம் இரவல் தரும் இடங்களில் அடையாள அட்டை காட்டினால் 7 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். உடனே கடைக்கு ஓட வேண்டாம். மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்கப் பெரியவர்களுக்கும் லைசன்ஸ் வேண்டாம்.

பிறகு லைசன்ஸ் எடுக்கும்போது தேதியைப் பாருங்கள். வழக்கமான ஆண்டு லைசன்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். ஜூனில் பயிற்சி முடித்தவர்கள், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் லைசன்ஸைக் கேட்டு வாங்குவது நல்லது.