ஏ.டி. டயர்ல 46,000 ரூபாய் விட்டேன். மலையில ஜீப் வெச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க

கோபம் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம்னு ரெண்டு நாள் பொறுத்தேன். அடங்கல. நேத்து ராத்திரி அந்தக் கடைக்காரன் என் நம்பரை பிளாக் பண்ணினதுக்கு அப்புறம் தூக்கமே வரல. அதனால இப்பவே எழுதிடறேன். என்னென்ன பார்த்து டயர் வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

எனக்குக் கோத்தகிரி பக்கம். கொஞ்சம் தேயிலை, ஒரு 2014 மாடல் மஹிந்திரா தார் ஜீப். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு நானூறு மீட்டர் செம்மண் பாதை. ஐப்பசி மழை ஆரம்பிச்சா அது பாதை இல்லை, களிமண் குழம்பு. பழைய டயர் நாலும் ஹைவே டயர். அந்தச் சேத்துல சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். அதனால ஏ.டி. டயர், அதாவது ரோடு, சேறு ரெண்டுக்கும்னு விக்கிற ஆல் டெரெய்ன் டயர் போடணும்னு ரொம்ப நாளா ஆசை. தேவையும் உண்மை, அதை மறைக்கல. ஏமாந்தது தேவையில இல்லை, ஆள்ல.

கடை கீழே, சமவெளியில. ஆன்லைன்ல பழசும் புதுசுமா விக்கிற ஒரு ஆப்புல விளம்பரம் பார்த்தேன். சின்னக் கடைதான், ஆனா வாசல்ல ஜீப்பா நிக்குது. நான் இறங்கினதும் டீ வந்துடுச்சு. கடைக்காரப் பையனுக்கு முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். "எந்த ஊருங்ணா?"ன்னான். கோத்தகிரின்னதும் உள்ளே போய் ஒரு டயரை உருட்டிட்டு வந்து என் முன்னாடி படுக்கப் போட்டான். பட்டன், அதான் ரோட்டுல படற ரப்பர் கட்டி, ஒவ்வொண்ணும் தீப்பெட்டி சைஸ்ல இருக்கு. மேல கையை வெச்சுத் தடவிக்கிட்டே சொன்னான்: "இது உங்க மலைக்குன்னே செஞ்சதுங்ணா. கொட்டற மழையிலயும் அட்டை மாதிரி ஒட்டிக்கும்."

நான் ஒண்ணும் கேக்காம வாங்கலைங்க. "தம்பி, சேறு சரி, ஈரமான தார் ரோட்டுல பிரேக் பிடிக்குமா?"ன்னு நேராவே கேட்டேன். அவன் சிரிச்சுட்டு டயர் பக்கவாட்டுல எம் பிளஸ் எஸ்னு இருந்ததைக் காட்டினான். "மட் அண்ட் ஸ்னோங்ணா. பனியிலயே நிக்கிற டயருக்கு மழை எம்மாத்திரம்?"

அந்த ஒரு வரியிலதான் விழுந்தேன். கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க! அந்த எழுத்துக்கும் ஈர ரோட்டுப் பிடிப்புக்கும் சம்பந்தமே இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. பட்டன் இடைவெளி அகலமா இருக்குன்னு டயர் கம்பெனி தானே குத்திக்கிற முத்திரை, அவ்வளவுதான்.

ஒண்ணு 11,500, நாலுக்கு 46,000. பழைய டயர் நாலையும் "எக்ஸ்சேஞ்சுங்ணா, அலைன்மென்ட், பேலன்சிங் ஃப்ரீ"ன்னு உருட்டிட்டுப் போய்ட்டான். அதுல இன்னும் நாலு மில்லிமீட்டர் பட்டன் இருந்துச்சு. ஜி.பே. பண்ணப் போனா கடை கியூ.ஆர். வேலை செய்யலையாம், மச்சான் நம்பருக்குப் போடச் சொன்னான். போட்டேன். பில் கேட்டதுக்கு எஸ்டிமேட்னு அச்சடிச்ச ஒரு துண்டுச் சீட்டு. அதுல ஜி.எஸ்.டி. நம்பரும் இல்லை, டயர் நம்பரும் இல்லை. டீ குடிச்ச வாய் கேள்வி கேக்காது போல.

ஆயுத பூஜைக்கு நாலு டயருக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்தேன். சேத்துப் பாதையில ஆடு ஏறற மாதிரி ஏறுச்சு. ரெண்டு வாரம் பார்க்கிறவங்க கிட்டயெல்லாம் பெருமை பேசினேன். அதுவும் சேர்ந்துதான் இப்ப எரியுது.

போன வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண் செக்கப். காலையில ஏழு மணிக்குக் கிளம்பினோம். அரவேனு தாண்டி குஞ்சப்பனை நோக்கி இறங்கறோம். அப்பத்தான் தூறல் ஆரம்பிக்குது, ரோட்டுல சில்வர் ஓக் இலை ஒட்டிக் கிடக்கு. மலையில ஓட்டறவங்களுக்குத் தெரியும், கொட்டற மழையை விட இந்த முதல் பத்து நிமிஷத் தூறல்தான் மோசம். ரோட்டுல இருக்கிற எண்ணெயும் தூசியும் கரைஞ்சு வழவழன்னு ஆயிடும். செகண்ட் கியர், முப்பதுக்கு மேல போகல. வளைவுல அரசு பஸ் ஏறி வருது. பிரேக்கை மிதிச்சேன். ஸ்டியரிங் இடது பக்கம் திரும்பியிருக்கு, வண்டி நேராப் போகுது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாம தடுக்கிற ஏ.பி.எஸ். என் வண்டியில கிடையாது, முன் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கிச்சு. காலைத் தளர்த்தி மறுபடி மிதிச்சேன், அப்பத்தான் கொஞ்சம் திரும்புச்சு. பஸ்ஸுக்குத் தப்பி, இந்தப் பக்கம் வந்து கட்டைச்சுவர்ல இடிச்சு நின்னுச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை, பனிமூட்டம் மட்டும்தான்.

அம்மாவுக்கு அடி இல்லை. மடியில வெச்சிருந்த ஃபிளாஸ்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. மூடி தெறிச்சு காபி முழுக்கப் புடவையில. "சூடு இல்லைப்பா, சூடு இல்லை"ன்னு என்னைச் சமாதானப்படுத்தறாங்க. பஸ் டிரைவர் இறங்கி வந்து முதல்ல என் டயரைத்தான் பார்த்தார். "சேத்துக்குப் போடறதைப் போட்டுக்கிட்டு ரோட்டுல இப்படி நம்பி வரீங்களே சார்"னு சொல்லிட்டுப் போய்ட்டார்.

சாயங்காலம் கோத்தகிரியில எங்க பங்க்சர் கடை பாய் கிட்ட வண்டியை விட்டேன். அவர் செஞ்சது இதுதான். ஸ்டெப்னி மட்டும் பழைய ஹைவே டயர். அது பட்டன்ல கட்டைவிரல் நகத்தை அழுத்தினார், நகம் பதிஞ்சு, எடுத்ததும் தடம் மறைஞ்சுது. அப்புறம் புது டயர்ல அழுத்தினார். கொட்டாங்குச்சி மேல அழுத்தின மாதிரி நகம் வழுக்கிட்டுப் போச்சு. மண்ணெண்ணெய்த் துணியால பாலிஷைத் துடைச்சதும் பட்டன் அடியில முடி மாதிரி வெடிப்பு. சக்கரத்தைக் கழட்டி உள்பக்கம் திருப்பினார். டயர் பக்கவாட்டுல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசைக்குக் கடைசியில நாலு எண்: 2219. அதாவது 2019-ம் வருஷம் 22-வது வாரம் செஞ்சது. தேதி பெரும்பாலும் டயரோட ஒரு பக்கத்துலதான் இருக்கும், அந்தப் பக்கம் உள்ளே போற மாதிரியே நாலையும் மாட்டியிருக்கான். நாலையும்! ஆறு வருஷம் எங்கேயோ காஞ்சு கிடந்த சரக்குக்கு 46,000 ரூபாய்.

பாய் சொன்னதை என் பாஷையில சொல்றேன். ஈரத் தார் ரோட்டுல டயர் நிக்கணும்னா ரப்பர் மெத்துன்னு இருந்து ரோட்டோட சின்னச் சின்னப் பொடிக்கல்லுக்கு இடையில இறங்கணும். பட்டன்ல பிளேடால கீறின மாதிரி மெல்லிய கோடு நிறைய இருக்கணும், அதுதான் கடைசித் தண்ணிப் படலத்தைத் துடைக்கும். சேத்து டயருக்கு எல்லாமே தலைகீழ். கல்லு குத்திப் பிய்க்காம இருக்க ரப்பர் கெட்டி, சேத்தைத் தூக்கி எறிய இடைவெளி பெருசு, அப்ப ரோட்டுல படற ரப்பர் கம்மி. புதுசா இருந்தாலே இந்தக் குறை கொஞ்சம் உண்டு. பழசாகி இறுகி, மேல நம்ம ஊர்க் குளிரும் சேர்ந்தா? அது மேல ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் கம்மியா ஒரு வண்டி, இறக்கத்துல. ஃபோர் வீல் டிரைவ் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும், நிறுத்தி வைக்காது. எல்லா ஏ.டி.யும் மோசம்னு நான் சொல்ல வரல. கோடு நிறைய வெச்சு மழையிலயும் நல்லா நிக்கிறது இருக்கு. எனக்குத் தந்தது அது இல்லை.

இனி போன் கதை. முதல் கால்: "புது டயர்ங்ணா, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினாத்தான் மேல இருக்கிற வழவழப்பு போகும்." நான் ஏற்கெனவே எழுநூறு ஓட்டியாச்சு. ரெண்டாவது கால்: "காத்து அதிகமா இருக்கும், கம்மி பண்ணிப் பாருங்க." அவனே அடிச்ச காத்து! மூணாவது: ஓனர் பழனிக்குப் போயிருக்கார். நாலாவது: ஓனர் இன்னும் வரல. அப்ப டீ குடுத்தது யாருடா? 2219 போட்டோவை வாட்ஸப்ல அனுப்பினேன், ரெண்டு நீல டிக், பதில் இல்லை. ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பிரேக் சரியில்லாம இடிச்சுட்டு டயரைச் சொன்னா எப்படிங்ணா? வேணும்னா நாலையும் ஆறாயிரத்துக்கு எடுத்துக்கறோம்." 46,000 வாங்கிட்டு ஆறாயிரம்! பழைய டயரையாவது குடுன்னேன், வித்துட்டாங்களாம். அப்புறம்தான் பிளாக்.

46,000 உங்களுக்குச் சின்னதா இருக்கலாம். கிலோ 23 ரூபாய்க்கு இலை போடற எனக்கு அது ரெண்டாயிரம் கிலோ பச்சை இலை. பம்பர், லைட் செலவு தனி. பையன் வேற "தார் ரோட்டுல தார் வழுக்குது"ன்னு ஸ்கூல் பூரா சொல்லிச் சிரிச்சிருக்கான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் போட்டாச்சு. பில் கேட்டாங்க. எஸ்டிமேட் சீட்டும் மச்சான் நம்பருக்குப் போன ஜி.பே. ஸ்கிரீன்ஷாட்டும்தான் இருக்கு. ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போறேன். நாம இருக்கிற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சத்துக்குள்ள கட்டணம் கிடையாது. வருமான்னு நம்பிக்கை பெருசா இல்லை, ஆனா விடறதா இல்லை.

விவரமா சொல்றேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. மாட்டறதுக்கு முன்னாடி நாலு எண் தேதியை நாலு டயர்லயும் நீங்களே பாருங்க. நகத்தால அழுத்துங்க. டயர் நம்பர் எழுதின ஜி.எஸ்.டி. பில் இல்லாம காசை அனுப்பாதீங்க, மச்சான் நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீங்க. ஈர ரோட்டுப் பிடிப்புக்கு 2022-லயே மத்திய அரசு விதி அறிவிச்சாச்சு, அதுக்கு முந்தின சரக்கைத் தலையில கட்ட வந்தா எழுந்து வந்துடுங்க. பழைய டயரை வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க.

இன்னொண்ணு, அவசரம். என்னைத்தான் பிளாக் பண்ணியிருக்கான், வீட்டுக்காரம்மா போன்ல அவன் ஸ்டேட்டஸ் தெரியுது. இன்னைக்குக் காலையில ஒரு வெள்ளை ஸ்கார்ப்பியோ, டி.என்.43 நம்பர் (நம்ம நீலகிரி வண்டி), அதே டயர் நாலு மாட்டி, "மலை ராஜாவுக்கு புது ஷூ"ன்னு போட்டிருக்கான். அது யார் வண்டின்னு தெரிஞ்சா உடனே போன் பண்ணுங்க. மழையில கீழே இறங்க வேண்டாம்னு சொல்லுங்க, சக்கரத்தைக் கழட்டி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்க.