வேப்பெண்ணெயா, வலையா, கடை மருந்தா?

கோலாலம்பூரில் வீட்டுக்குப் பின்னால் வெண்டை, பாகல், கீரை போடும் நம் மக்களிடம், பூச்சியைத் தடுக்க இந்த மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எது நல்லது என்பதை இப்போது வானிலையை வைத்துத்தான் சொல்ல முடியும். சூடு கூடினால், ஓர் அளவுவரை, பூச்சிகள் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முட்டையிடுகின்றன. மழையில்லாத வெயில் நீண்டால் செஞ்சிலந்திப் பேனும் வெள்ளை ஈயும் பெருகிவிடும்.

கடை மருந்து வேகமாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பைரித்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி வகை மருந்துகள் செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் கொன்றுவிடுவதால், சில வாரங்களில் செஞ்சிலந்தி முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். அதைவிடப் பெரிய சிக்கல் வெண்டையில்தான். அதை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் முற்றிவிடும். மருந்து அடித்தபின் இத்தனை நாள் பறிக்காதே என்று லேபிள் சொன்னால், அதுவரை காய்ப்பதையெல்லாம் தூக்கிப் போட மனசு வருமா? பிள்ளைகள் சாப்பிடும் காயில் இந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

வேப்பெண்ணெய் அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் சீக்கிரம் வலுவிழக்கும். அதிலுள்ள அசாடிராக்டின் என்ற, பூச்சியைத் தடுக்கும் பொருள் வெயில் பட்டால் சிதையும், மழை பட்டால் கழுவிப் போகும். வெயில் தாழ்ந்தபின் அடிக்கலாம் என்றால், கோலாலம்பூரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வருகிறது. அதனால் மழை விட்டு இலை காய்ந்ததும், இருட்டுவதற்குள் அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், பூச்சி அங்கேதான் இருக்கும்.

என் ஓட்டு, செடியை மூடும் வலைக்குத்தான். மழை கரைக்காது, வெயிலில் சீக்கிரம் கெடாது. கீரைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நெருக்கமான வலைக்குள் புழுக்கம் கூடும், அதனால் உயரமாகக் கட்டுங்கள். வெள்ளை ஈக்குச் சாதாரண கொசுவலை போதாது, அது நுழைந்துவிடும்.

பாகலை மட்டும் முழுசாக மூடாதீர்கள். தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது. பூ கருவுற்று, பிஞ்சு விரல் அளவு வந்ததும் காகிதப் பையைக் கட்டிவிடுங்கள். பழ ஈ பிஞ்சின் தோலுக்குள் முட்டையிடும், புழு உள்ளே போனபின் எந்த மருந்தும் அந்தக் காயைக் காப்பாற்றாது. அப்புறம், பழ ஈ பொறி வாங்குவதானால், ஈயைக் கவரும் கியூலூர் என்ற மருந்து உள்ளதைக் கேளுங்கள். மாமரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் என்ற கவர் மருந்துக்குப் பாகலைத் தாக்கும் பழ ஈ வராது.