முழுமை நோக்கு நில மேலாண்மைப் பயிற்சி: மேய்ச்சல் திட்டம் அருமை, கார்பன் பேச்சு கொஞ்சம் ஓவர்

ஜிம்பாப்வேயைச் சேர்ந்த சூழலியலாளர் ஆலன் சேவரியின் ‘முழுமை நோக்கு’ முறையில் நிலத்தையும் மந்தையையும் சேர்த்துப் பராமரிக்கக் கற்றுத்தரும் ஓர் இணையவழிப் பயிற்சியை முடித்தேன். மேய்ச்சல் நிலம் கையில் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். ஆனால் எதற்காகச் சேருகிறோம் என்று தெளிவாக இருங்கள்.

கொடுத்த காசுக்கு மேய்ச்சல் திட்டம் போடும் பாடம் ஒன்றே போதும். நிலம் பாழாவதற்கு மாடுகளின் எண்ணிக்கையை மட்டும் குறை சொல்கிறோம், ஆனால் கடிபட்ட புல் தேறுவதற்குள் அதே தூரை மறுபடி மறுபடி கடிக்க விடுவதுதான் பெரிய கேடு. இதை 1950களிலேயே பிரான்சில் ஆந்த்ரே வுவாசன் என்ற விவசாயி-ஆய்வாளர் எழுதிவிட்டார். அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் புல் துளிர்க்கிறது, அந்தத் துளிரும் போனால் வேர் சுருங்கும், அப்புறம் மண் வெறுமையாகும், மழை உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும். அதனால் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, மந்தையை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி மேய விடுகிறார்கள், எத்தனை துண்டு என்ற கணக்கு புல்லுக்குத் தரும் ஓய்வில் தொடங்குகிறது. புல் தேற 60 நாள், மந்தை ஒரு துண்டில் நிற்பது 3 நாள் என்றால் 20 துண்டு ஓய்வில் இருக்கும், ஒன்றில் மந்தை, மொத்தம் 21 துண்டு வேண்டும். புல் வேகமாக வளரும்போது மந்தையை வேகமாக நகர்த்த வேண்டும், மெதுவாக வளரும்போது மெதுவாக. வறட்சியில் கை பரபரக்கும், தீனி இல்லையே என்று அடுத்தடுத்த துண்டுக்கு ஓட்டத் தோன்றும், ஆனால் அப்படி ஓட்டினால் ஓய்வு நாள் குறைந்து எல்லாத் துண்டும் ஒன்றாகக் காலியாகும். இந்த ஒரு இடத்தை ஆசிரியர் விளக்கிய விதத்துக்கே கைதட்டலாம்.

மந்தை நெருக்கமாக நின்று நகர்வதால் சாணம் எல்லா இடத்திலும் விழுகிறது, ருசியான புல்லை மட்டும் பொறுக்கித் தின்பதும் குறைகிறது. ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, வெறும் மண் எவ்வளவு என்று வருடாவருடம் ஒப்பிடச் சொல்வதும் நல்ல பழக்கம். குடும்ப இலக்கு, வரவு செலவுப் பாடங்கள் பரவாயில்லை ரகம்.

சரி, குறைகள். சேவரி தன் 2013 டெட் உரையில் பேசியதுபோல, மேய்ச்சலால் காற்றிலுள்ள கார்பனை மண்ணில் சேர்த்தே பருவநிலை மாற்றத்தைத் திருப்பிவிடலாம் என்ற தொனி பயிற்சி முழுக்க ஒலிக்கிறது. மண் சேர்த்துக்கொள்ளும் கார்பனுக்கு ஒரு எல்லை உண்டு, மாடு வெளியிடும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் கணக்கில் வர வேண்டும். இப்படித் துண்டு மாற்றும் சுழற்சி மேய்ச்சல், மந்தையை ஒரே நிலத்தில் விட்டுவைக்கும் தொடர் மேய்ச்சலைவிட மேல் என்பதற்குப் பெரும்பாலான சோதனைகளில் ஆதாரம் இல்லை என்று 2008இல் மேய்ச்சல் நில ஆய்வாளர் டேவிட் பிரிஸ்க்கின் குழு எழுதியது. அந்தச் சோதனைகள் நிலத்தைப் பார்த்து மாற்றாமல் தேதி வைத்து ஓட்டியவை என்பது ஆதரவாளர்களின் பதில், அதிலும் நியாயம் உண்டு. இரண்டு பக்கத்தையும் பயிற்சியிலேயே சொல்லியிருக்கலாம்.

அதைவிட எரிச்சல், தண்ணீர். இத்தனை துண்டுகளுக்கும் தண்ணீர் எப்படிக் கொண்டுபோவது, தற்காலிக வேலியை யார் மாற்றுவது என்பதெல்லாம் ஒரே ஒரு குட்டிக் காணொளியில் முடிந்துவிடுகிறது, நிஜத்தில் முறை தடுமாறுவதே அங்கேதான். ஐந்துக்கு மூன்றரை. சேருவதற்கு முன் தண்ணீர்ப் பாடத்தை விரிவாகத் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.